கணக்கிட்டவர் யார்? தொழில்நுட்ப அறிக்கைகளின் அலமாரியில் பெண்களைத் தேடுதல்

1960 செப்டம்பரில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா ஓர் அறிக்கையை வெளியிட்டது. அதன் எண் டி.என். டி-233. பூமியின் மேல் நாம் குறிக்கும் ஓரிடத்தைச் செயற்கைக்கோள் ஒன்று கடந்துபோக வேண்டுமானால், ராக்கெட்டின் எரிபொருள் தீரும் கணத்தில் அது எந்தத் திசைக்கோணத்தில் சென்றுகொண்டிருக்க வேண்டும் என்பதைக் கண்டறியும் கணக்கு அதில் இருக்கிறது. முகப்பில் இரண்டு பெயர்கள்: டி. எச். ஸ்கோபின்ஸ்கி, கேத்ரின் ஜி. ஜான்சன். வர்ஜீனியா மாநிலத்திலுள்ள லாங்லி ஆய்வு மையத்தில், கேத்ரின் வேலை பார்த்த பிரிவில், ஒரு பெண்ணின் பெயர் அறிக்கையின் ஆசிரியராக அச்சேறியது அதுவே முதல் முறை.

அந்த இரண்டாவது பெயர் எப்படி அங்கே வந்தது என்பதைக் கேத்ரினே பிற்காலப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஸ்கோபின்ஸ்கி வேறு பணிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மேலதிகாரியோ அறிக்கையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லி நெருக்கினார். கேத்ரின் முடிக்கட்டும், வேலையில் பெரும்பகுதியைச் செய்தவர் அவர்தானே என்று ஸ்கோபின்ஸ்கி சொல்லிவிட்டார். அந்த மேலதிகாரிக்குப் பெண்களின்மேல் பெரிய மதிப்பு கிடையாது. இருந்தாலும் வேலை நடந்தாக வேண்டும். கேத்ரின் முடித்தார், பெயர் அச்சாகியது.

எனக்கு இதில் உறுத்துவது ஒன்றுண்டு. ஸ்கோபின்ஸ்கி கொஞ்சம் சின்ன மனசுக்காரராக இருந்திருந்தால்? கிளம்பும் அவசரம் அவருக்கு இல்லாமல் இருந்திருந்தால்? அதே கணக்கு, அதே சமன்பாடுகள், அதே எண்ணுள்ள அறிக்கை நூலகத்தில் இருந்திருக்கும். ஒரேயொரு பெயரோடு. அப்படி ஒரேயொரு ஆண் பெயரோடு நின்றுபோன அறிக்கைகள் அலமாரியில் எத்தனை என்பதுதான் பெண்ணிய வரலாறு எழுதுபவர் அங்கே நுழையும்போது கையில் எடுத்துச் செல்ல வேண்டிய கேள்வி.

தொழில்நுட்ப அறிக்கை என்பது இலக்கிய மாணவிகளான நம்மில் பலர் கையில் எடுத்திராத பொருள். அது புத்தகக் கடைக்கு வராது. இதழ்க் கட்டுரையும் அன்று. ஓர் ஆய்வுக்கூடம் தான் செய்த சோதனையை, பெற்ற எண்களை, வரைந்த வளைகோடுகளைத் தொகுத்துத் தன் போன்ற ஆய்வுக்கூடங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் அனுப்பும் ஆவணம் அது. நூலகவியலில் இத்தகைய எழுத்துக்குச் சாம்பல் இலக்கியம் என்று பெயர். வெளியிடப்பட்டதற்கும் வெளியிடப்படாததற்கும் நடுவே கிடப்பது. இதற்குத் தலைப்பைவிட எண்தான் முக்கியம். கேட்டு வருபவர் எண்ணைச் சொல்லித்தான் கேட்பார், நூலகரும் எண்ணைப் பார்த்துத்தான் எடுத்துத் தருவார்.

நாசாவின் முன்னோடி 1915இல் தொடங்கிய தேசிய வானூர்தி ஆலோசனைக் குழு. ஆங்கில எழுத்துகளில் என்.ஏ.சி.ஏ. என்பார்கள். அதன் அறிக்கைகளுக்குள்ளேயே ஒரு சாதி அடுக்கு இருந்தது. உயர்ந்த பீடத்தில் டெக்னிக்கல் ரிப்போர்ட். அதற்கடுத்து டெக்னிக்கல் நோட். பிறநாட்டு ஆய்வுகளின் மொழிபெயர்ப்புகள் பெரும்பாலும் டெக்னிக்கல் மெமொராண்டம் என்ற வரிசையில் வந்தன. போர்க்காலத்தில் ரகசிய அறிக்கைகள் வேறு வேறு எழுத்துச் சுருக்கங்களோடு வெளியாயின. போர் முடிந்ததும் அவற்றுக்குப் போர்க்கால அறிக்கை என்று புது வரிசை வகுத்து, லாங்லியிலிருந்து வந்ததற்கு எல், கலிபோர்னியாவின் ஏம்ஸ் மையத்திலிருந்து வந்ததற்கு ஏ, எஞ்சின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்ததற்கு ஈ என்று போட்டு மறு எண் கொடுத்தார்கள். ஆக ஒரே ஆவணத்துக்கு இரண்டு எண்கள். பழைய கட்டுரை ஒன்றின் அடிக்குறிப்பில் பழைய எண் இருக்கும், நூலக அலமாரியில் புதிய எண் இருக்கும். இரண்டையும் இணைக்கும் ஒப்பீட்டுப் பட்டியல் கையில் இல்லாதவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

நூலகப் பட்டியலும் தன் பங்குக்கு மறைத்தது. இத்தகைய அறிக்கைகளைப் பல நூலகங்கள் எழுதியவரின் பெயரில் வரிசைப்படுத்தவில்லை. வெளியிட்ட நிறுவனத்தின் பெயரின்கீழ், வரிசை எண்ணின்படி அடுக்கின. வேகமாக எடுத்துக் கொடுக்க அது வசதி. ஆனால் ஒரு பெண் தன் வாழ்நாளில் என்னென்ன எழுதினார் என்று பார்க்க விரும்புபவருக்கு அங்கே வாசலே இல்லை.

இந்த அறிக்கைகளுக்கு வடிவம் கொடுத்தவரே ஒரு பெண் என்பது இந்த வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்று. பேர்ல் யங் வடக்கு டகோட்டா பல்கலைக்கழகத்தில் 1919இல் இயற்பியல், கணிதம், வேதியியல் மூன்றிலும் தேறியவர். 1922இல் லாங்லியில் சேர்ந்தபோது அங்கே தொழில்நுட்பப் பணியில் அமர்ந்த முதல் பெண் அவர்தான். கருவிகள் பிரிவில் வேலை. அங்கிருந்தபடியே அவர் கவனித்த சங்கதி ஒன்று: பொறியாளர்கள் நன்றாகச் சோதனை செய்கிறார்கள், கண்ணராவியாக எழுதுகிறார்கள். இதற்கென்று ஓர் ஆசிரியப் பிரிவு வேண்டும் என்று வாதாடினார். 1929இல் தலைமைத் தொழில்நுட்ப ஆசிரியர் ஆனார். 1943இல் பொறியியல் ஆசிரியர்களுக்கான நடைக் கையேடு ஒன்றை எழுதினார். ஒரு வளைகோட்டுப் படத்தின் அச்சுகளுக்கு எப்படிப் பெயரிட வேண்டும், அட்டவணை எப்படி அமைய வேண்டும், முடிவுரை சோதனை காட்டியதைத் தாண்டிப் பேசாமல் இருக்க எப்படிக் கட்டுப்படுத்த வேண்டும் என்றெல்லாம் ஆண் பொறியாளர்களுக்குப் பாடம் நடத்தியவர் அவர்.

லாங்லியில் ஒரு வரைவு அறிக்கையானது சாதாரணமாக நடந்துவிடாது. எழுதியவரின் சகாக்கள் உட்கார்ந்து வரிவரியாகக் கிழிப்பார்கள். திருத்தி எழுத வேண்டும், மறுபடி கூட்டம், மறுபடி திருத்தம். மாதக்கணக்கில் போகும். என்.ஏ.சி.ஏ. அறிக்கைக்கு உலகெங்கும் இருந்த மதிப்பு இந்த உலைக்களத்திலிருந்து வந்தது. அதில் பேர்ல் யங் பிரிவின் பெண்கள் ஒவ்வொரு எண்ணையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அறிக்கையின் முகப்பில் தொகுப்பாசிரியருக்கு இடம் கிடையாது. அவர் தொட்ட ஆயிரம் பக்கங்களில் அவரைக் காண முடியாது.

தமிழ் படித்தவள் என்பதால் நடையைப் பற்றி ஒன்று சொல்ல ஆசை. அறிவியல் அறிக்கையின் மொழி செயப்பாட்டு வினையில் ஓடுவது. அழுத்தங்கள் அளவிடப்பட்டன. முடிவுகள் கணக்கிடப்பட்டன. வளைகோடுகள் வரையப்பட்டன. தமிழில் இந்த வாக்கியத்தை அமைக்க நமக்குக் கிடைத்திருக்கும் துணைவினை ‘படு’. பாடுபடுவதும் துன்பப்படுவதும் அதே வினைதான். அளவிட்டவர், கணக்கிட்டவர், வரைந்தவர் வாக்கியத்திலிருந்து வெளியேறிவிடுகிறார், பட்டது மட்டும் மிஞ்சுகிறது. இது புறவயமான நடை என்று அறிவியலார் சொல்வார்கள். சொல்லட்டும். லாங்லியில் அந்த வாக்கியங்களிலிருந்து வெளியேறியவர் யார் என்று தேடினால் பெரும்பாலும் ஒரு பெண் கிடைக்கிறார்.

1935இல் லாங்லி ஐந்து பெண்களைக் கொண்டு ஒரு கணக்கீட்டுக் குழுவைத் தொடங்கியது. அவர்களின் பதவிப் பெயர் கம்ப்யூட்டர். இயந்திரம் அந்தப் பெயரைப் பின்னால்தான் எடுத்துக்கொண்டது. காற்றுச் சுரங்கத்தில் இறக்கை மாதிரியை வைத்துச் சோதிக்கும்போது, அதன் மேற்பரப்பின் பல புள்ளிகளில் உள்ள அழுத்தத்துக்கேற்பக் கண்ணாடிக் குழாய்களில் திரவம் ஏறி இறங்கும். அதைப் புகைப்படமெடுப்பார்கள். அந்தப் படச்சுருளைப் பார்த்து ஒவ்வொரு குழாயின் உயரத்தையும் படித்து எழுதுவது, மேசைக் கணக்குப்பொறியில் தட்டி விகிதங்களாக்குவது, தாளில் பத்தி பத்தியாக நிரப்புவது, கடைசியில் வளைகோடாக வரைவது, எல்லாம் இந்தப் பெண்கள் வேலை. அவர்களில் பலர் கணிதப் பட்டதாரிகள். அதே பட்டத்தோடு வந்த ஆணுக்குக் கிடைத்த பதவியும் சம்பளமும் இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

1942 ஏப்ரலில் லாங்லிக்குள் சுற்றுக்கு வந்த ஒரு குறிப்பு, பெண்கள் இந்தக் கணக்குகளைத் தாங்கள் செய்வதைவிட வேகமாகவும் பிழையில்லாமலும் செய்கிறார்கள் எனப் பொறியாளர்களே ஒப்புக்கொள்வதாகச் சொல்கிறது. பாராட்டுத்தான். ஆனால் அந்தப் பாராட்டின் அடியில் ஒரு கணக்கு ஓடுகிறது. சலிப்பூட்டும் வேலை பெண்களிடம் போய்விட்டால் பொறியாளரின் நேரம் மிச்சமாகும். மிச்சமான நேரத்தில் அவர் அறிக்கை எழுதுவார், அறிக்கை அவர் பெயரில் வரும், பெயரால் பதவி உயர்வு வரும். சமையலறைக்குள் நடப்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லாத நமக்கு இதையும் விளக்க வேண்டியதில்லை.

1941இல் போர்த்தளவாடத் தொழில்களில் நிறப் பாகுபாடு கூடாது என்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஆணையிட்டார். கறுப்பினத் தொழிலாளர் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப் வாஷிங்டனை நோக்கிப் பெரும் பேரணி நடத்தப்போவதாகச் சொன்னதன் விளைவு அது. லாங்லியின் கதவு கறுப்பினப் பெண்களுக்கும் திறந்தது. 1943 முதல் அவர்களைத் தனிக் கட்டடத்தில் மேற்குப் பகுதிக் கணக்கீட்டுப் பிரிவு என்று உட்கார வைத்தார்கள். உணவகத்திலும் தனி மேசை, மேசைமேல் கறுப்பினக் கம்ப்யூட்டர்கள் என்று ஓர் அட்டை. மிரியம் மான் என்பவர் அந்த அட்டையைக் கைப்பையில் போட்டு எடுத்துப்போனார். மறுபடி வைத்தார்கள், மறுபடி எடுத்துப்போனார். வைத்தவர்கள் ஒருநாள் சலித்து விட்டுவிட்டார்கள். 1949இல் அந்தப் பிரிவின் பொறுப்புக்கு வந்த டாரதி வான் தன் பெண்களின் சம்பள உயர்வுக்காகவும் இடமாற்றத்துக்காகவும் மேலே பேசிக்கொண்டே இருந்தார். 1958இல் என்.ஏ.சி.ஏ. நாசாவாக மாறியபோது அந்தத் தனிப்பிரிவு கலைக்கப்பட்டது.

இந்தக் கூட்டத்திலிருந்து அறிக்கையின் முகப்புக்கு ஏறிய பெயர்கள் சில உண்டு. டோரிஸ் கோஹன் 1941 தொடங்கி அறிக்கைகள் எழுதியவர். அந்த ஆண்டு ராபர்ட் ஜோன்ஸுடன் சேர்ந்து, கட்டுப்பாட்டுப் பரப்புகள் தளர்ந்திருக்கும் விமானத்தின் நிலைத்தன்மை குறித்து எழுதிய அறிக்கை உயர்ந்த வரிசையில் 709ஆம் எண்ணோடு வந்தது. மேரி ஜாக்சன், காற்றுச் சுரங்கத்தில் தன்னோடு வேலை பார்த்த பொறியாளர் கசார்னெக்கியுடன் சேர்ந்து, ஒலியைவிட வேகமான காற்றோட்டத்தில் கூம்புகளின்மேல் என்ன நடக்கிறது என்று 1958இல் எழுதினார். பொறியாளராவதற்கான வகுப்புகள் வெள்ளையர் பள்ளியில் இரவு நேரத்தில் நடந்தன. அங்கே உட்கார ஹாம்ப்டன் நகர நிர்வாகத்திடம் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது அவருக்கு. 2020இல் வாஷிங்டனிலுள்ள நாசா தலைமையகத்துக்கு மேரி ஜாக்சனின் பெயர் வைத்தார்கள்.

கேத்ரின் ஜான்சன், கருத்தரங்குக் கூட்டங்களில் பெண்கள் உட்காருவதில்லை என்றபோது, அதற்கெதிராகச் சட்டம் ஏதும் உண்டா என்று கேட்டவர். கேட்டுக்கேட்டே உள்ளே போனார். அறிக்கை உருவாவது அந்த அறைக்குள் என்பதால் அந்தக் கேள்வி வெறும் நாற்காலிக்கான கேள்வியாக இருக்கவில்லை. அவர் தனியாகவும் சேர்ந்தும் எழுதிய அறிக்கைகள் 26 என்று நாசாவின் குறிப்பு கூறுகிறது.

சரி, இவர்களை நூலகத்தில் தேடுவோம். பெயரைக் கொண்டு தேடப்போனால் முதல் சிக்கல் பெயரிலேயே இருக்கிறது. கேத்ரின் 1953இல் லாங்லியில் சேர்ந்தபோது கேத்ரின் கோபிள். கணவர் இறந்த பிறகு 1959இல் மறுமணம் செய்தபின் ஜான்சன். டோரிஸ் கோஹன் தன்னோடு எழுதிய ராபர்ட் ஜோன்ஸையே பிற்பாடு மணந்தார். ஜெர்மனியில் கோட்டிங்கனில் வேலை பார்த்த இர்ம்கார்ட் லோட்ஸ் இன்னும் சிக்கலான கதை. இறக்கையின் நீளவாக்கில் தூக்குவிசை எப்படிப் பரவியிருக்கிறது என்று கணக்கிடும் ஒரு முறையை 1931இல் வெளியிட்டார். அது லோட்ஸ் முறை என்றே பெயர் பெற்றது. வான்கப்பலின் உடலைச் சுற்றிக் காற்று ஓடுவது பற்றிய அவரது ஆய்வை என்.ஏ.சி.ஏ. 1932இல் மொழிபெயர்த்து மெமொராண்டமாக வெளியிட்டது. 1938இல் வில்ஹெல்ம் ஃப்ளூகெயை மணந்தார். அதன்பின் எழுதியவை ஃப்ளூகெ-லோட்ஸ் என்ற பெயரில். 1948இல் இருவரும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டுக்கு வந்தபோது கணவருக்குப் பேராசிரியர் பதவி, மனைவிக்கு விரிவுரையாளர் பதவி. 1960இல்தான் அவர் பேராசிரியர் ஆனார், ஸ்டான்ஃபோர்டின் பொறியியல் துறையில் முதல் பெண் பேராசிரியர். நூற்பட்டியலில் எல் எழுத்தின்கீழ் ஒரு பெண், எஃப் எழுத்தின்கீழ் இன்னொரு பெண். இருவரும் ஒருவரே என்று யாராவது ஒரு பட்டியலாளர் இணைப்புக் குறிப்பு எழுதினால் உண்டு.

தலைப்பெழுத்தின் தொல்லையும் நமக்குத் தெரிந்ததே. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணின் முதலெழுத்து கல்யாணத்தோடு அப்பாவிடமிருந்து கணவருக்கு மாறுகிறது. பட்டச் சான்றிதழில் ஒரு பெயர், வேலையில் இன்னொரு பெயர். மேற்கத்திய அறிவியலில் முதலெழுத்து வேறு விதமாக மறைக்கும். இடுபெயரை எழுத்தாகச் சுருக்கிக் குடும்பப் பெயரை மட்டும் விடுவார்கள். ஐ. லோட்ஸ் ஆணா பெண்ணா? வாசிப்பவர் யோசிக்காமல் ஆண் என்றே எடுத்துக்கொள்வார். சங்கப் புலவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று ஒவ்வொரு ஆய்வாளரும் ஒவ்வொரு எண் சொல்வதை நினைத்துக்கொள்கிறேன். அங்கும் கொளுவில் பெயர் மட்டும்தான் இருக்கிறது, அந்தப் பெயரை எப்படிப் படிப்பது என்பதில்தான் சண்டை.

பெயரால் தேட முடியாவிட்டால் பொருளால் தேட வேண்டும். இந்த இடத்தில் கதை ஆய்வுக்கூடத்தைவிட்டு நூலகருடைய மேசைக்கு வருகிறது. இங்கும் பெண்கள் இருக்கிறார்கள். இங்கே ஒரு தமிழரும் வருகிறார்.

போருக்குப் பின் அறிக்கைகள் வெள்ளமாக வந்தன. ஜெர்மனியிலிருந்து கைப்பற்றியவை வேறு. புத்தகங்களுக்கென்று செய்த பகுப்பு முறைகள் இதைத் தாங்கவில்லை. ‘ஒலிமிஞ்சு வேகத்தில் பின்சாய்ந்த இறக்கையின் முன்விளிம்பில் வெப்பம் கடத்தல்’ என்ற அறிக்கையை எந்த ஓர் இடத்தில் வைப்பது? இறக்கையிலா, வெப்பத்திலா, வேகத்திலா? இதற்கு ஒரு விடை சென்னையில் ஏற்கனவே யோசிக்கப்பட்டிருந்தது. சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன், மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1933இல் வெளியான அவரது கோலன் பகுப்பு முறை, ஒரு பொருளை ஒரே பொந்தில் அடைக்காமல் அதன் பல முகங்களாகப் பிரித்து, பின் அவற்றைக் கோத்து எண் கட்டியது. லண்டனில் 1952இல் கூடிய பகுப்பாய்வுக் குழுவினர் இந்த முகக் கருத்தைத்தான் எடுத்துக்கொண்டு வளர்த்தார்கள். (ரங்கநாதன் தன் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து ஏற்படுத்திய நூலகவியல் பேராசிரியர் பதவிக்கு மனைவி சாரதாவின் பெயரும் இருக்கிறது. சிக்கனமாகக் குடும்பம் நடத்தி அந்த லட்சத்தைச் சேர்த்ததில் அந்த அம்மாளின் பங்கு என்ன என்று எந்த நூற்பட்டியலும் சொல்லாது.)

இந்த முறையைப் பொறியியலுக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஜீன் எய்ட்சிசன். இங்கிலாந்தில் இங்கிலீஷ் எலெக்ட்ரிக் கம்பெனியின் நூலகர். டர்பைனும் மின்மாற்றியும் அணுஉலையும் செய்யும் கம்பெனி அது. அதன் பொறியாளர்களுக்குத் தேவைப்படும் அறிக்கைகளைக் கண்டுபிடித்துத் தருவதற்காக அவரும் சகாக்களும் முகப் பகுப்பு முறை ஒன்றை வகுத்தார்கள். பின்னர் அதையே சொற்களஞ்சியத்தோடு இணைத்து 1969இல் தெசாரோஃபேசட் என்ற பெயரில் வெளியிட்டார்கள். ஒரு சொல்லுக்கு ஒத்த சொல் எது, பரந்த சொல் எது, குறுகிய சொல் எது, அது எந்த முகத்தில் வருகிறது என்று எல்லாம் ஒரே இடத்தில். நிகண்டு படித்த நமக்கு இந்த வேலையின் ருசி தெரியும். ஒரு துறை முழுவதையும் சொல்சொல்லாகப் பிடித்துப்போட்டுச் சலித்தால் ஒழிய இதைச் செய்ய முடியாது. நூலகர் என்றால் புத்தகம் எடுத்துக்கொடுப்பவர் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு நூலைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

எந்த முறையில் தேடினால் அறிக்கை நிஜமாகவே கிடைக்கிறது என்று சோதித்துப் பார்க்கவும் ஒருவர் துணிந்தார். கிரான்ஃபீல்டு விமானவியல் கல்லூரியின் நூலகர் சிரில் கிளெவர்டன். 18,000 ஆவணங்களை நான்கு விதமாக அட்டவணைப்படுத்தி, கேள்விகள் கொடுத்துத் தேடச் சொன்னார். நான்கிற்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. 100க்கு ஏறத்தாழ 74 முதல் 82 வரை கிடைத்தன. முகப் பகுப்பு கடைசியில் நின்றது, உதிரிச் சொற்களைப் பயன்படுத்திய எளிய முறை முதலில் நின்றது. பகுப்பு அறிஞர்கள் அடைந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அடுத்த சுற்றில் விமானவியல் சார்ந்த 1,400 ஆவணங்களைக் கொண்டு கிரான்ஃபீல்டு தயாரித்த தொகுப்பு, கணினியில் தேடல் முறைகளைச் சோதிப்பவர்களுக்கு உரைகல்லாகிவிட்டது.

அந்த உரைகல்லில் உரசிப் பார்த்தவர்களில் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் ஒருவர். 1935இல் ஹடர்ஸ்ஃபீல்டில் பிறந்தவர். தாய் நார்வேக்காரர். கேம்பிரிட்ஜில் மார்கரெட் மாஸ்டர்மன் என்ற பெண் நடத்திய மொழியாய்வுக் குழுவில் சேர்ந்து, ஒருபொருள் பன்மொழி பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தார். நம் இலக்கண வகுப்பில் வரும் விஷயம்தான். 1972இல் அவர் எழுதிய கட்டுரையின் யோசனை கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். விமானவியல் அறிக்கைகளின் குவியலில் ‘ஓட்டம்’ என்ற சொல் எல்லாவற்றிலும் இருக்கும். அதைக் கொண்டு தேடினால் பயனில்லை. அரிதாக வரும் சொல்தான் ஓர் ஆவணத்தை மற்றதிலிருந்து பிரித்துக்காட்டும். ஆகவே ஒரு சொல் எத்தனை குறைவான ஆவணங்களில் வருகிறதோ அத்தனை கூடுதல் எடை அதற்குக் கொடு. அந்தச் சோதனைக்கு அவர் பயன்படுத்திய தொகுப்புகளில் கிரான்ஃபீல்டின் விமானவியல் ஆவணங்களும் இருந்தன. இன்று நாம் பயன்படுத்தும் தேடுபொறிகளுக்குள் இந்த எடைக் கணக்கு ஏதோவொரு வடிவில் நெடுங்காலம் வேலை செய்திருக்கிறது.

இப்படியொரு யோசனையைக் கொடுத்தவர் கேம்பிரிட்ஜில் பல பத்தாண்டுகள் தற்காலிக ஒப்பந்தங்களில் வேலை பார்த்தார். ஒரு திட்டம் முடிந்தால் அடுத்த திட்டத்துக்கு விண்ணப்பம். பேராசிரியர் பதவி 1999இல் வந்தது. 2002இல் ஓய்வு. கௌரவ விரிவுரையாளர்களாகவே தலை நரைக்கும் நம் கல்லூரிப் பெண்களுக்கு இது அந்நியக் கதையாகத் தோன்றாது. கணினித் துறையை ஆண்களிடம் மட்டும் விட்டுவைக்க முடியாது, அது அவ்வளவு முக்கியமானது என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன கருத்து. மணமான பிறகும் தன் பெயரை மாற்றிக்கொள்ள மறுத்தார். ஆனால் பட்டியல்கள் விட்டனவா? ஸ்பார்க் என்பது இடுபெயர் என்று நினைத்துச் சில இடங்களில் ஜே எழுத்திலும், குடும்பப் பெயரின் பகுதி என்று அறிந்த இடங்களில் எஸ் எழுத்திலும் அவரை வைத்திருக்கின்றன. தேடுவதற்கு வழி சொன்னவரையே இரண்டு இடத்தில் தேட வேண்டியிருக்கிறது.

மாணவிகளுக்குச் சில வழிகளைச் சொல்லத் தோன்றுகிறது. முகப்பில் பெயர் இல்லையென்றால் உள்ளே போங்கள். நன்றிக் குறிப்பில், அட்டவணையின் அடியில், பிற்சேர்க்கையின் கணக்கில் சிலசமயம் பெயர் ஒளிந்திருக்கும். அறிக்கையை விட்டு வெளியே, ஆய்வுக்கூடம் தன் ஊழியர்களுக்காக நடத்திய செய்தித்தாளைப் பாருங்கள். லாங்லியில் ஏர் ஸ்கூப் என்று ஒன்று இருந்தது. பெண்கள் சொன்னதைக் கேட்டு எழுதிய வாய்மொழிப் பதிவுகளைத் தேடுங்கள். லாங்லியின் பெண் கம்ப்யூட்டர்களைப் பற்றிப் பெவர்லி கொலெம்பா அப்படிச் சேகரித்து எழுதிய ஆய்வு 1994இல் முடிந்தது. புத்தகமாக வரவில்லை, தட்டச்சுப் பிரதியாக லாங்லியின் ஆவணக் காப்பகத்தில் இருந்தது. சாம்பல் இலக்கியத்துக்குள் புதைந்தவர்களின் வரலாறும் சாம்பல் இலக்கியமாகவே கிடந்திருக்கிறது. மார்கோ லீ ஷெட்டர்லி எழுதிய நூல் வந்து, படமும் வந்து, உலகம் கேத்ரின் ஜான்சனின் பெயரை அறிந்தது 2016இல். அப்போது அவருக்கு வயது 98.

இன்னொரு பெயரை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஹில்டா லயன், 1896இல் யார்க்ஷயரில் ஒரு மளிகைக் கடைக்காரரின் மகளாகப் பிறந்து கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். பிரிட்டனின் ஆர்-101 வான்கப்பல் கட்டுமானத்தில் வேலை பார்த்தார். அதன் குறுக்குச் சட்டங்களின் வலிமை பற்றிய ஆய்வுக்காக 1930இல் அவருக்குக் கிடைத்த பரிசு, அதுவரை எந்தப் பெண்ணும் பெறாதது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வான்கப்பல் மாதிரிகளின்மேல் காற்றுக் கொந்தளிப்பு உண்டாக்கும் இழுவை குறித்து ஆய்வு செய்தார். கோட்டிங்கனுக்கும் போனார். பின் உடல்நலமில்லாத தாயைக் கவனிக்க ஊருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அங்கிருந்தபடியே ஆய்வைத் தொடர்ந்தார். 1937இல் ஃபார்ன்பரோவிலுள்ள விமான ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார், 1946இல் இறந்தார். அவர் ஆராய்ந்த உடல்வடிவத்தை அமெரிக்கக் கடற்படை 1953இல் நீரில் இறக்கிய ஆல்பகோர் என்ற நீர்மூழ்கிக்கு எடுத்துக்கொண்டது. துளி போன்ற அந்த வடிவம் பின்னால் வந்த நீர்மூழ்கிகளுக்கு முன்மாதிரியானது. ஆய்வுக் கட்டுரைகளின் அடிக்குறிப்புகளில் அவர் வழக்கமாக எச். எம். லயன். பிரிட்டனின் வானூர்தி ஆய்வுக் குழு வெளியிட்ட அறிக்கை வரிசையில் எண் 1511.